வீட்டில் பூரான் உண்டு

என்னைப் பெண் கேட்டு வந்த கடிதத்தில் மொத்தம் எட்டு வரி. அந்த ஏழாவது வரிக்காகத்தான் நான் சம்மதித்தேன் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

அது கோப்பிக் காலம். கண்டியைச் சுற்றி எந்த மலையைப் பார்த்தாலும் கோப்பி நின்றது. கொழும்பிலிருந்து ரயில் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கண்டியில் ஒரு பாதிரியார், தமது அச்சுக்கூடத்தில் புத்தகம் கட்டுகிற ஒருவருக்கு கிறிஸ்தவ வேதக்காரப் பெண்ணாக, எழுத வாசிக்கத் தெரிந்தவளாகத் தேடிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் எங்கள் கோயில் பாதிரியாருக்கு எழுதிக் கேட்டார். அவருக்கு உடனே என் நினைவு வந்ததாம். வராமல் என்ன? மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்து முடித்து, இருபத்தொரு வயதாகியும் நான் வீட்டில்தான் இருந்தேன். வந்த இரண்டு சம்பந்தமும் என் வாயால் கெட்டது என்பது அம்மாவின் கட்சி. வந்தவர்கள் கேட்ட கேள்விகளால் கெட்டது என்பது என் கட்சி.

கண்டிப் பாதிரியார் மாப்பிள்ளையை உட்காரவைத்து, "உன்னைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுது, பிறகு பெண் வீட்டார் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று சொல்லி எழுதுவித்த கடிதம் அது. "நான் புத்தகம் கட்டுகிறேன். வயது இருபத்தெட்டு. தாய் தகப்பன் இல்லை. குடிப்பழக்கம் இல்லை. வீடு வாடகை வீடு, சிறியது. ஊர் குளிர், மழை மிகுதி. வீட்டில் பூரான் உண்டு. அதை மறைத்துப் பெண் கேட்க மனம் வரவில்லை."

யாழ்ப்பாணத்தில் பூரான் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பனங்கொட்டையை மண்ணில் புதைத்து முளைக்க விடுவோம். முளைத்த கொட்டையைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, மெத்தென்று, இனிப்பாக ஒன்று இருக்கும். அதுதான் பூரான். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வளவுகளில் பிள்ளைகள் எல்லாம் பூரான் வெட்டித் தின்பதே வேலையாகத் திரிவார்கள். வளர்ந்தவர்கள் தின்பது கொஞ்சம் வெட்கக்கேடு, ஒளித்துத்தான் தின்பார்கள். நானும் ஒளித்துத் தின்கிறவள்தான்.

கடிதத்தை வாசித்துவிட்டு அம்மா சிரியோ சிரியென்று சிரித்தார். "இருபத்தெட்டு வயசிலயும் பூரான் தின்னுறாராம். அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கள்ளமில்லாத பிள்ளை" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. குடிக்கிறவன் குடியை மறைப்பான், கடன்காரன் கடனை மறைப்பான். இந்த மனிதர் ஒரு பூரானைக்கூட மறைக்கவில்லை. பாதிரியார் எழுதிய பதில் கடிதத்தின் அடியில் இரண்டு வரி நானே என் கையால் எழுதினேன். "பூரான் விஷயமாகத் தாங்கள் மனம் கலங்க வேண்டாம். எனக்கும் சிறுவயது முதல் அது உயிர். வரும்போது நானும் கொஞ்சம் கொண்டுவருவேன்."

அந்தப் பதிலை அவர் எப்படி வாசித்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையாகத் தாய் தகப்பனோடு கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர். பனைமரத்தைக் கண்டதாக அவருக்கு நினைவே இல்லை. அவருடைய தமிழில் பூரான் என்றால் எண்ணமுடியாத காலோடு சுவரில் ஓடுகிற பூச்சி. எங்கள் ஊரில் மட்டத்தேள் என்போமே, அது. வீட்டில் அது நிறைய இருக்கிறது, வருகிறவள் பயந்த சுபாவக்காரியாக இருந்தால் கஷ்டம் என்று நேர்மையாக எழுதியிருக்கிறார். அதற்கு ஒருத்தி, எனக்கும் அது உயிர், வரும்போது கொஞ்சம் கொண்டுவருவேன் என்று பதில் எழுதினால் மனிதர் என்ன நினைப்பார்? கர்த்தர் நமக்கென்றே ஒருத்தியைப் படைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தாராம். என் கடிதத்தை மடித்து வேதபுத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

கார்த்திகையில் அண்ணன் என்னை மாட்டுவண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார். தம்புள்ளை, மாத்தளை என்று எலும்பெல்லாம் ஆடிப்போகிற வழி. சின்னக் கோயிலில் கல்யாணம் நடந்தது. மறுநாளே அண்ணன் திரும்பிவிட்டார். அவர் புகையிலை வியாபாரி, வருஷா வருஷம் ஆனி மாதத்தில் சிப்பங்களோடு கண்டிக்கு வருவார். "ஆனியில பாப்பம் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற தெருவில் இருந்தது. அலவத்துகொடையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் வியாபாரியின் கோப்பி ஸ்டோரும் எங்கள் வீடும் ஒரே சுவரில் நின்றன. ஸ்டோருக்கு அப்பால் அவர் குடும்பம். கிராமத்துத் தோட்டங்களிலிருந்து கோப்பி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். குத்திப் புடைத்த உமியையெல்லாம் எங்கள் சமையல் குசினிக்குப் பின்னால் கொட்டுவார்கள். மழையில் ஊறிய அந்தக் குவியல் ஒருநாளும் காய்ந்ததில்லை. முன்னறையில் புத்தகங்களை அமுக்கி வைக்கும் பலகைகள், நூல் கட்டைகள், பசைச் சட்டி. அச்சுக்கூடத்தில் முடியாத வேலையை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து செய்வார். மொத்த வீடும் பசையும் கோப்பியும் ஈரச் சுண்ணாம்பும் சேர்ந்து மணக்கும்.

வந்த அன்று நான் ஓலைப்பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். முளைவிட்ட பனங்கொட்டைகளை ஈரமண்ணோடு முழுசாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தேன். "கடிதத்தில சொன்ன சாமான்" என்றேன். அவர் வாங்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கையை நீட்டி, உடம்பை விலக்கி, கொதிக்கிற சட்டியைப் போல வாங்கினார். திறந்தும் பார்க்கவில்லை. அலுமாரிக்கு மேலே வைத்து, மூடியின் மேல் ஒரு செங்கல்லையும் தூக்கி வைத்தார். அத்தனை தூரம் மடியில் வைத்துக்கொண்டு வந்த பொருளுக்கு இதுதான் மரியாதையா என்று எனக்கு மூக்கு நுனியில் கோபம். புதுப் பெண் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை, அண்ணனின் வண்டி போன பிறகு. உள்ளே கொடியில் போட்டிருந்த ஈரத் துவாயை எடுத்தேன். அதற்குள்ளிருந்து ஒன்று என் கைமேல் ஏறி, முழங்கை வரை ஓடி, சுவருக்குத் தாவியது. விரல் நீளம். உடம்பு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கால். "ஐயோ, மட்டத்தேள்!" என்று கத்தினேன்.

அவர் சுத்தியலோடு ஓடிவந்தார். வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறார். பாயை உதறுகிறார், பெட்டிக்கு அடியில் குனிகிறார்.

"தேள் எங்கங்க? எந்தப் பக்கம் போச்சு?"

"அந்தா, சுவரில! கண் தெரியேல்லையோ?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இதா? இது பூரான்ங்க" என்றார். சுத்தியலைக் கீழே வைத்தார். "நான் தேளுன்னு பயந்துட்டேன். உங்களுக்குப் பிடிச்சதுதானே இது?"

அவர் வேதபுத்தகத்துக்குள்ளிருந்து என் கடிதத்தை எடுத்து விரித்துக் காட்டினார். எனக்கும் சிறுவயது முதல் அது உயிர். என் கையெழுத்துத்தான். நான் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, செங்கல்லைத் தள்ளி, ஓலைப்பெட்டியை இறக்கினேன். ஒரு கொட்டையை எடுத்துக் குசினிக் கத்தியால் பிளந்து, உள்ளே இருந்ததை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். "இதுதான் பூரான்" என்றேன். "எங்கட ஊரில இதுதான் பூரான்!"

அவர் அதை வாங்கிப் பார்த்தார், மணந்து பார்த்தார். கடைசியில் வாயில் போட்டு மென்றார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப உங்களுக்கு இது பிடிக்காதா?" என்று சுவரைக் காட்டினார். வேறு எவளாவது அந்த இடத்தில் சிரித்திருப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் ஆத்திரமும்தான் வந்தன. ஆசை காட்டி மோசம் செய்துவிட்டீர்கள் என்றேன். பூச்சிக் கூட்டத்துக்குள் என்னைக் கொண்டுவந்து தள்ளிவிட்டீர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதினால் எனக்குத்தான் வெட்கம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர் கடைசியில் சொன்னார். "தப்பு என்னோடது. இன்னும் வெளக்கமா எழுதியிருக்கணும். ஆனி மாசம் உங்க அண்ணன் வருவாங்கல்ல. அதுவரைக்கும் பாருங்க. ஒத்துவரலைன்னா அவங்களோட ஊருக்குப் போயிடுங்க. நான் தடுக்கமாட்டேன். பாதிரியார்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"ஓம், போறன்" என்றேன். ஒரு பேச்சுக்குக்கூட யோசிக்கவில்லை.

இப்படித் தொடங்கியது எங்கள் குடித்தனம். நான் பாயில் படுக்கவில்லை, கட்டில் வேண்டுமென்றேன். வந்தது. கட்டில் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். மட்டத்தேள் காதுக்குள் போகும் என்று சின்ன வயதில் கேட்டிருந்ததால், பகலிலும்கூட இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டேன். அவர் பேசுவதே குறைவு, அதிலும் பாதி என் பஞ்சில் நின்றுவிடும். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இந்த ஊமை என்னைக் கெடுத்துவிட்டது என்று அம்மாவுக்கு எழுதினேன்.

பக்கத்து வீட்டு வியாபாரியின் மனைவியை நான் தாத்தா என்று கூப்பிட்டேன். இந்த ஊர் முஸ்லிம்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்கிறார்கள். முதல்முறை அந்தச் சொல்லைக் கேட்டபோது எந்தக் கிழவர் வருகிறார் என்று வாசலைப் பார்த்தேன். ஏற்கெனவே ஒரு சொல்லால் பட்டவள் என்பதால் இந்தத் தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன். தாத்தா என் பஞ்சைப் பார்த்துத்தான் சிரித்தார்.

"என்ன மகள் இது, வாசல்ல நிண்டு எத்தின தரம் கூப்பிட்டேன்! காதுல என்ன பஞ்சு?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அலவத்துகொடயில எங்கட வாப்பா வூட்ல இதுகள் நெறைய ஈக்கி. நாங்க ஒம்பது புள்ளைகள். ஒருத்தர்ட காதுக்குள்ளயும் போன கத இல்ல. கடிக்கிறது வேற சாதி, தடிச்சது, செவப்பு. இந்த நீளக் கால்காரன் ஒங்களப் பாத்தா ஒங்களவிடப் பயப்புடுவான்."

நம்பவில்லை. ஆனாலும் ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தேன்.

பொழுது போகவேண்டுமே என்றுதான் தையலில் கைவைத்தேன். அவர் அச்சுத்தாளை மடித்த பாரங்களை அடுக்கித் தைக்கும்போது நூல் சில இடத்தில் தொய்ந்து நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காமல், இப்படிக் கொண்டுவாருங்கள் என்று பிடுங்கித் தைத்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தையல் சும்மா சொல்லித்தரவில்லை. அவர் என் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இனிமே தைக்கிறது நீங்க, அட்டை போடுறது நான்" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். அதற்கே எனக்கு உள்ளுக்குள் இனித்தது. யன்னலோரம் எனக்கென்று ஒரு கதிரையும் வந்தது. தெருவில் கோப்பி வண்டிகளின் சத்தம், முன்னால் வெள்ளைத் தாள், கையில் ஊசி. சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் ஆனியில் போகிறவள் சந்தோஷத்தை வெளியில் காட்டக் கூடாது அல்லவா? முகத்தைத் தூக்கியே வைத்திருந்தேன்.

பசைச் சட்டிக்கு மேலே சுவர் வெடிப்பில் ஒரு மட்டத்தேள் குடியிருந்தது. தைக்கிற கதிரையிலிருந்து பார்த்தால் நேரே தெரியும். வேண்டாமென்றாலும் கண் போகும். வெளிச்சம் மங்கும் நேரத்தில் வெளியே வரும். வந்தவுடன் ஓடாது. நின்று, ஒவ்வொரு காலாக வாய்க்குள் இழுத்து இழுத்துத் துடைக்கும், ஊசியில் கோக்கும் முன் நூல் முனையை நான் உதட்டில் வைத்து இழுப்பேனே, அதே மாதிரி. ஒரு கால் முடிந்தால் அடுத்த கால். இத்தனை காலையும் துடைத்து முடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும்! என் புருஷனுக்கும் அதற்கும் ஒரே சுபாவம் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை, சொன்னால் அவர் சந்தோஷப்படுவார்.

அவர் அவற்றை அடிப்பதில்லை. வேலை செய்கிற தாளில் ஏறிவிட்டால் தாளோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் உமிக் குவியலில் விடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "அது இருக்கிற வீட்ல கரப்பான் நிக்காதுங்க" என்றார். அது சாக்கு என்று நினைத்தேன்.

மாசி மாதத்தில் ஒருநாள் மாற்றுச் சேலை உடுக்கும்போது மடிப்பிலிருந்து ஒன்று என் வயிற்றில் ஓடியது. நான் போட்ட சத்தத்தில் ஸ்டோரில் கோப்பி புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அன்று மாலை அவர் அச்சுக்கூடத்திலிருந்து வரும்போதே சுண்ணாம்பும் கந்தகமும் வாங்கி வந்தார். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. தாத்தாவின் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, உமிக் குவியல் முழுவதையும் கூடை கூடையாக ஓடைப் பக்கம் சுமந்து கொட்டினார். சுவர் வெடிப்பெல்லாம் அடைத்தார். கதவைச் சாத்திக் கந்தகப் புகை போட்டார். வீடு முழுக்க வெள்ளையடித்தார். எனக்காக ஒரு மனிதர் அப்படி உழைத்து நான் பார்த்ததில்லை. ஒரு வாரத்தில் மட்டத்தேள் ஒன்றுகூட இல்லை. மற்றக் காதுப் பஞ்சையும் எடுத்து எறிந்தேன்.

அவர் பசைச் சட்டிக்கு மேலே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒன்றிரண்டு தடவை கண்டேன். கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

தோட்டக் கோயில்களுக்கென்று அறுபது ஞானப்பாட்டுப் புத்தகங்கள் அப்போது கட்டி முடிந்து அடுக்கில் இருந்தன. எல்லாம் என் தையல். உயிர்த்தெழுந்த பண்டிகைக்குக் கொடுக்கவேண்டியவை. பண்டிகைக்கு முதல் வாரம் எடுத்துத் துடைக்கலாம் என்று மேல் புத்தகத்தைத் தூக்கினேன். அட்டை கையோடு வந்தது, புத்தகம் அடுக்கிலேயே நின்றது. முதுகுப் பசையையெல்லாம் கரப்பொத்தான் தின்றிருந்தது. துணி சல்லடை. திறந்த பக்கங்களில் இராமபாணப் பூச்சிகள் வெள்ளி வெள்ளியாக வழுக்கி ஓடின. அறுபதில் நல்லது என்று பதினொன்று தேறியது.

அவர் வந்து பார்த்தார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "பசையில துத்தம் கொஞ்சம் கொறைஞ்சு போச்சு போல. என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் புத்தகங்களைப் பிரிக்க உட்கார்ந்தார். அந்தப் பசையை அவர் காய்ச்சும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். பூச்சி அரிக்காமலிருக்கப் போடும் துத்தத்தை எப்போதும் போலத்தான் போட்டார். எனக்கு நோகக் கூடாது என்று பொய் சொல்கிறார்! உண்மையை மறைத்துப் பெண் கேட்க மனம் வராத மனிதர்! அந்தப் பொய்யில் நான் கரைந்துபோனேன். கரைந்தும், கோபம் வந்ததே தவிர ஒரு நல்ல வார்த்தை வாயில் வரவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். நாற்பத்தொன்பது புத்தகத்தையும் இரண்டு பேரும் திரும்பக் கட்டினோம். பண்டிகைக்கு முதல்நாள் மத்தியானம் முடிந்தது.

பண்டிகை கழிந்த திங்கட்கிழமை அவர் அச்சுக்கூடத்துக்குப் போன பிறகு, நான் ஸ்டோருக்குப் போய்க் கூடையில் கோப்பி உமி அள்ளிக்கொண்டு வந்து குசினிக்குப் பின்னால் கொட்டினேன். தண்ணீர் தெளித்தேன். நனைந்த கோணிச் சாக்கு இரண்டைச் சுவரோரம் போட்டேன். பசைச் சட்டிக்கு மேலே அடைத்திருந்த வெடிப்பைக் கரண்டிக் காம்பால் குத்தித் திறந்தேன். தாத்தா சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அள்ளிக் கொட்டச் சொன்னதும் நீங்க, இப்ப கொண்டாந்து கொட்றதும் நீங்களா? நல்ல வேல!"

"அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றேன்.

"ஏன் மகள், நல்ல காரியந்தானே?"

ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. போகிறேன் என்று சொன்னது என் வாய். அந்த வாய்தான் இப்போது இருக்கிறேன் என்று சொல்ல மறுத்தது. தடுக்கமாட்டேன் என்றவர் அவர். அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போகாதீர்கள் என்று கேட்டால் போதும். கேட்காமல் நானாக இருந்துவிட்டால், வேறு வழியில்லாமல் ஒட்டிக்கொண்டவள் என்றுதானே ஆகும்? எனக்கு அது முடியாது.

வைகாசி கடைசியில் மழை பிடித்தது. மழையோடு அவையும் வந்தன. முதலில் குசினியில் ஒன்று, பிறகு கொடியில் ஒன்று. ஒரு சாயந்தரம் பசைச் சட்டிக்கு மேலே வெடிப்பிலிருந்து நீளக் கால்கள் எட்டிப் பார்த்தன. நான் தைத்துக்கொண்டே பார்த்தேன். ஒரு கரப்பொத்தானை அது பாய்ந்து பிடித்தபோது, நல்லாய்ப் பிடி என்று என் வாயே சொன்னது. அவர் அவற்றைக் காணும்போதெல்லாம் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் குனிந்து தைத்துக்கொண்டிருப்பேன். திரும்பவும் வந்துவிட்டதே, இனி இவள் போய்விடுவாள் என்று அவர் நினைத்திருக்கிறார். கொண்டுவந்தவள் நான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனி பத்தாம் திகதிப் பக்கம் அண்ணன் வந்து சேர்ந்தார். புகையிலையைக் கடைத்தெருவில் இறக்கிவிட்டு, மறுநாள் மத்தியானம் வண்டியோடு வருவதாகச் சொல்லி அனுப்பினார். அவர் வரவேண்டிய அன்று காலை நான் கண் விழித்தபோது என் பெட்டி முன்னறையில் இருந்தது. என் சேலைகளைப் புத்தகம் அடுக்குகிற மாதிரி மூலைக்கு மூலை சரியாக மடித்து அடுக்கியிருந்தார். இறுகிக் கிடந்த பூட்டுக்கு எண்ணெய் போட்டிருந்தார். வழியில் எழுதவென்று சிவப்புத் தோல் அட்டை போட்ட கொப்பி ஒன்றும் மேலே இருந்தது. கேட்டேனா நான்? பெட்டி கட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? இந்த மனிதருக்கு நான் இருந்தாலும் ஒன்று, போனாலும் ஒன்று. அப்படித்தான் அப்போது நினைத்தேன். விடியற்காலையிலேயே குளித்து வெளிக்கிட்டு நின்றேன்.

அண்ணன் வந்து கதிரையில் உட்கார்ந்தார். கோப்பி கொடுத்தேன். என் புருஷன் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப கூட்டிக்கொண்டு போறன் மச்சான்" என்றார் அண்ணன். "பிள்ளை எழுதினவள். ஒத்துவரேல்லையாம்."

"சரிங்க மச்சான்" என்றார் அவர். அவ்வளவுதான். சரிங்க.

நான் பெட்டியில் கைவைத்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணனின் தலைக்கு மேலே வெடிப்பிலிருந்து அது இறங்கியது. பட்டப்பகலில் வராத சீவன், ஏனோ அன்று வந்தது. அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். கோப்பிக் கோப்பை ஒருபக்கம், அவர் ஒருபக்கம். "மட்டத்தேள்!" என்று கதிரைக்கு மேல் ஏறிவிட்டார். "இதுக்குள்ளயோ எட்டு மாசம் கிடந்தனீ? வெளிக்கிடு பிள்ளை, வெளிக்கிடு!"

என் புருஷன் அமுக்குப் பலகை ஒன்றை எடுத்தார். தாளில் ஏந்திக்கொண்டுபோய் வெளியில் விடுகிற மனிதர், ஓங்கி ஒரே அடி அடித்தார். அது தரையில் விழுந்தது. கால்கள் தனித்தனியாகக் கழன்று சுற்றிலும் சிதறிக் கிடந்தன. உடம்பு அசையவில்லை. கால்கள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன.

"என்னத்துக்கு அடிச்சனீங்கள்?" என்று கத்தினேன். "அது உங்களை என்ன செய்தது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தே சொன்னார். "ஒண்ணும் செய்யல. எவ்வளவு பாத்தும் திரும்ப வந்துருச்சுங்க. நீங்க இருக்கிறதா இருந்தா எல்லாத்தையும் இப்படியே அடிச்சிடுறேன். ஒண்ணுகூட விடமாட்டேன். வேற வீடு பாக்கணும்னாலும் பாக்குறேன்." பலகையைக் கீழே வைத்தார். "போகாதீங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதத்து அழுகையும் ஒன்றாக வந்தது. துடிக்கிற கால்களைச் சேலைத் தலைப்பால் கூட்டிக்கொண்டே, விக்கி விக்கி அழுதேன். கதிரைக்கு மேல் நின்ற அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஒரு மட்டத்தேளுக்கோ பிள்ளை அழுறாய்?"

"ஓம்" என்றேன். "நான் வரேல்லை அண்ணை. நீங்கள் போயிட்டு வாங்கோ."

அண்ணன் மறுநாள் வண்டிகளோடு போய்விட்டார். கண்டிக் குளிரில் தங்கச்சிக்கு மூளை கலங்கிவிட்டது, செத்த மட்டத்தேளுக்கு ஒப்பாரி வைக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாராம். என்ன நடந்தது, உண்மையைச் சொல் என்று அம்மா பதறி எழுதினார். மட்டத்தேளுக்காகத்தான் அழுதேன் என்று பதில் எழுதிவிட்டேன். புருஷன் போகாதே என்று சொன்னதற்காக அழுதேன் என்று எந்தப் பெண் தாய்க்கு எழுதுவாள்?